வயிற்றுவலிக்காரன் வேடத்துக்கு ஆள் தேவை

பொன்மலை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

இதை ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

விஷயம் இதுதான். ஓய்வுபெற்றோர் சங்க ஆண்டு விழாவுக்கு இருபது நிமிஷக் காமெடி நாடகம் எழுத என்னைப் பிடித்துவிட்டார்கள். மாமியார் மருமகள் கூடாது, ரயில்வே இருக்க வேண்டும், யாராவது பெரிய நடிகர் வர வேண்டும் என்று செயலாளர் உத்தரவு. ரயில்வேயும் நடிகரும் சேர்ந்த கதை எனக்கு ஒன்றுதான் தெரியும். நம்ம நாகேஷ்.

அவர் ரயில்வேயில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டிய காலத்தில், ஆபீஸ் நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக வந்தாரே, அது. துக்கடா வேஷம். அன்றைக்குத் தலைமை தாங்க வந்தவர் எம்.ஜி.ஆர். கதாநாயகனையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒல்லி ஆளைப் பாராட்டிவிட்டுப் போனார். பிறகு 1959-ல் ‘தாமரைக்குளம்’, 1965-ல் அதே எம்.ஜி.ஆரோடு ‘எங்க வீட்டுப் பிள்ளை’. நமக்கும்தான் எத்தனை தலைமை விருந்தினர் வந்தார்கள். ஒருத்தராவது உன்னை நிமிர்ந்து பார்த்தாரா? நீ ஆர்மோனியத்தின் மேல் உட்கார்ந்த அன்றைக்குத் தவிர.

மீதியெல்லாம் என் கைச்சரக்கு. எம்.ஜி.ஆர். வருகிறார் என்றதும் கதாநாயகன் மூன்று தடவை பவுடர் போடுகிறான். வில்லன், தான் சாவதற்கு முன்னால் இன்னும் இரண்டு பக்கம் வசனம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். நாடகம் முடிகிறது. மேடையில் கூப்பிடுவது வயிற்றுவலிக்காரனை. அவனோ முகத்தைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை சாம்பார் கேட்டுக்கொண்டிருக்கிறான். பேர் யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ‘யோவ் வயிற்றுவலி! வயிற்றுவலி எங்கேய்யா?’ என்று கத்திக்கொண்டு ஓட, பரிமாறுகிறவன் பயந்துபோய் இலையை எடுத்துவிடுகிறான். அந்த இடத்தில் ஜனம் சிரிக்கவில்லை என்றால் நான் பேனாவைத் தொடமாட்டேன்.

சண்டை எங்கே வந்தது தெரியுமா? தொப்பியில். செயலாளர் வாடகைக் கடையில் வெள்ளைத் தொப்பிக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் முன்பணமே கொடுத்துவிட்டார். ‘சார், அந்தத் தொப்பி அடிமைப்பெண் சமயத்தில் வந்தது. இது அதற்குப் பத்து வருஷத்துக்கும் முந்திய கதை. அப்போது அவருக்குத் தலை நிறையச் சுருட்டை முடி’ என்றேன். ‘தொப்பி இல்லாமல் வந்தால் யாரோ டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துக்கொள்வார்கள்’ என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்! சுருட்டை முடிக்கு நம்ம கூட்டத்தில் எங்கே போவது? முடிக்கே பஞ்சம்.

இரண்டு ராத்திரி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எம்.ஜி.ஆராக யாருமே நடிக்க வேண்டாம். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி, அதன் கையில் ஒரு ரோஜா மாலை. அவ்வளவுதான். எல்லாரும் அதைப் பார்த்தே நடிக்க வேண்டும். ‘வெறும் நாற்காலிக்கு எவன் கைதட்டுவான்?’ என்று செயலாளர் குதித்தார். சரி, ஒத்திகையில் பார்ப்போம் என்றேன். பாதியில் டீக்கடை அண்ணன் தூக்குவாளியோடு உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார். ‘யாரு வர்றாங்க?’ என்று கிசுகிசுப்பாகக் கேட்டார். செயலாளர் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஒரே கவலை வயிற்றுவலிக்காரன்தான். பென்ஷன் வாங்குகிற அத்தனை பேருக்கும் தொப்பை. பார்சல் ஆபீஸ் அண்ணன் நடித்துக் காட்டினார். பாம்பு கடித்தவன் மாதிரி உருண்டார். வயிற்றுவலி அப்படியா வரும்? வலிக்கிறவன் முதலில் அதை மறைக்கத்தான் பார்ப்பான். நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்க முயற்சி செய்வான், பாதி நிமிர்ந்ததும் மடங்குவான். சிரிப்பு அந்தப் பாதியில்தான் இருக்கிறது. அதற்கு உன் ஒல்லி உடம்புதான் வேண்டும்.

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வரவில்லை. ஒருநாள் போன் செய்தேன். ‘அப்பா தூங்குறார் மாமா’ என்றான் உன் பையன். உடனே வைத்துவிட்டேன். உன் குரல் சோர்ந்து கேட்டுவிடுமோ என்று பயந்துகொண்டுதான் டயல் செய்தேன். அன்றைக்கு நீ தூங்கியது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்காகத்தான் நாலு மாதமாக எழுத வெட்கம்.

அடுத்த சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து பகல் வண்டி ஏறு. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். வசனம் மூன்றே வரி, வண்டியிலேயே பாடமாகிவிடும். தொளதொள சட்டை ஒன்று எடுத்துவா. உன் பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லைத் தங்கச்சி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாளாமே, அதையும் கொண்டுவா. பார்சல் ஆபீஸ் அண்ணனுக்குக் காட்ட வேண்டும்.

உன்,
பொன்மலைக்காரன்