எக்ஸ்ரே நார்மல் என்றாலும் ஓட விடாதீர்கள்: தடகளப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும்,

"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, நாளைக்கு மைதானத்துக்கு வந்துவிடு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். நெடுந்தூரம் ஓடுபவர்களின் எலும்பில், திரும்பத் திரும்பச் சுமை ஏறுவதால் விழும் நுண்ணிய ஸ்ட்ரெஸ் விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு ஆறத் தொடங்கிய பிறகே தடம் தெரியும். சிலருக்கு அப்போதும் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தால்தான் உறுதியாகும்.

அதற்கு முன் உங்கள் விரலே பாதி சொல்லிவிடும். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்தால் ஷின் ஸ்பிளின்ட்டாக, அதாவது விரிசல் இல்லாத கணைக்கால் எலும்போர வலியாக இருக்கலாம். நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்றால், ஓட ஓட வலி கூடினால், படுத்த பிறகும் வலித்தால், விரிசல் என்றே வைத்துக்கொண்டு ஓட்டத்தை நிறுத்துங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுவதால் விரிசல் ஆறாது. வலி மாத்திரை கொடுத்து ஓடவைப்பது அதைவிடக் கெடுதல். எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பதுதான் அது.

தொடை இடுக்கில் வலி என்றால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லிச் சோதிக்கவும் வேண்டாம். தொடை எலும்பின் கழுத்தில் (இடுப்பு மூட்டுக்குள் பொருந்தும் உருண்டைத் தலைக்குச் சற்றுக் கீழே) விழுந்த விரிசல் முழுதாக முறிந்து விலகினால், எலும்பின் தலைக்கு ரத்தம் போவது தடைபட்டு அது செத்துப்போகலாம். அன்றே ஊன்றுகோல், உடனே எம்ஆர்ஐ. கழுத்தின் மேல்பக்க விரிசலுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். பாதத்தின் மேல்நடுவில், நாவிகுலர் எலும்பில் அழுத்தினால் வலிப்பதும் ஆபத்தானதே. அங்கே விரிசல் உறுதியானால் ஆறு வாரம் மாவுக்கட்டு, காலை ஊன்றவே கூடாது.

கணைக்கால் உள்பக்க விரிசல் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறும். அதுவரை வலியில்லாமல் முடிந்தால் நீச்சல், சைக்கிள். அழுத்தினாலும் அரைமணி நேரம் நடந்தாலும் வலியில்லை என்ற நிலை வந்தபின், ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை எனத் தொடங்குங்கள். முதலில் தூரம், கடைசியில்தான் வேகம்.

போட்டி நெருங்குகிறதென்று தூரத்தைத் திடீரென ஏற்றுவது மட்டும் விரிசலுக்குக் காரணமல்ல. சாப்பாடு போதாததும் காரணம்; அதனால் மாதவிடாயும் நின்றுபோகலாம். மாதவிடாய் மூன்று மாதமாக வராத பெண்ணைப் பார்த்து, "உடம்பு லேசாகிவிட்டது" என்று மகிழாதீர்கள். அவள் எலும்பு மெலிந்துகொண்டிருக்கலாம். ஓர் ஆசிரியையை விட்டுப் பக்குவமாகக் கேட்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்ட்கள்