வாட் கணக்கை விடுங்கள், விளக்கின் திசையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிவிளக்குகளுக்காக உள்ளாட்சிகள் எழுதும் விதிகளில் இரண்டு வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'இத்தனை வாட்டுக்கு மேல் கூடாது' என்பது ஒன்று. 'அக்கம்பக்கத்தாருக்குக் கண் கூசாதபடி பொருத்த வேண்டும்' என்பது மற்றொன்று. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு விளக்கைக்கூடத் திருப்பச் சொல்ல முடியாது. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம்தான். பழைய 100 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை இன்று 15 வாட் எல்இடி தந்துவிடுகிறது. 100 வாட் எல்இடியோ 10,000 லூமெனுக்கு (லூமென் என்பது விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) மேல்கூடக் கொட்டும். வரம்பை லூமெனில்தான் எழுத வேண்டும். கண்கூச்சமும் ஆளுக்கு ஆள் மாறும். முதியவர்களின் கண்ணுக்குள் ஒளி அதிகம் சிதறும் என்பதால், இளைஞருக்கு உறுத்தாத விளக்கு அவர்களுக்கு எதிரே இருக்கும் படிக்கட்டையே மறைத்துவிடும்.

யாரும் நேரில் போய்ச் சரிபார்க்கக்கூடியது திசை. கிடைமட்டக் கோட்டுக்கு மேலே நேரடி ஒளி துளியும் போகக் கூடாது என்று எழுதுங்கள். 'பொருத்திய நிலையில்' என்ற சொற்களையும் மறக்காமல் சேருங்கள். தட்டைக் கண்ணாடி போட்ட நல்ல விளக்கும், தலையைப் பத்து டிகிரி தூக்கி மாட்டினால் கெட்டுப்போகும். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால், மேலே ஒளி போகாது என்ற தயாரிப்பாளரின் சான்றிதழை உரிமையாளர் நீட்டுவார். ஃப்ளட் லைட்டுகளுக்குத் தனி விதி தேவை: கற்றையின் நடுப்பகுதி, நேர்கீழிலிருந்து 70 டிகிரியைத் தாண்டக் கூடாது. 6 மீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கின் கற்றை நடு, கம்பத்தடியிலிருந்து சுமார் 16 மீட்டருக்குள் தரையில் விழ வேண்டும். இதைப் பார்க்க ஒரு டேப் போதும்.

பாதுகாப்புக்கு என்று வாசலில் மாட்டும் ஃப்ளட் லைட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நேராகக் கண்ணில் அடிக்கும் விளக்குக்குப் பக்கத்து நிழலில் ஒருவர் நின்றால் தெரியவே தெரியாது. மறைப்பு போட்ட மங்கலான விளக்கில் அவர் முகம் தெரியும்.

பக்கத்து வீட்டு ஜன்னலில் விழும் ஒளிக்கு சிஐஇ எனும் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2017-இல் அளவு சொல்லியிருக்கிறது. இரவு ஊரடங்கிய பிறகு கிராமப்புறத்தில் 1 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு), புறநகரில் 2, நகர மையத்தில் 5. அளக்கும்போது லக்ஸ் மீட்டரின் உணரியை ஜன்னல் தளத்துக்கு இணையாக, வெளியே பார்க்கும்படி பிடித்து, விளக்கு எரியும்போது ஒருமுறையும் அணைத்த பின் ஒருமுறையும் அளந்து கழிக்க வேண்டும். இவ்வளவு குறைந்த ஒளிக்குக் கைபேசிச் செயலிகளை நம்பக் கூடாது.

நிறத்துக்கு 3,000 கெல்வின் உச்சவரம்பு போதும்; இந்த எண் கூடக் கூட ஒளியில் நீலம் கூடும். பிரான்சின் 2018 ஆணையும் பொது இடங்களுக்கு இதையே வைத்தது. வெள்ளை எல்இடியில் தூக்கலாக இருக்கும் 450 நானோமீட்டர் அலைநீள நீலம், 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட வானில் மூன்று மடங்கு சிதறுகிறது.

டிஜிட்டல் விளம்பரப் பலகைகள்தான் பெரிய தொல்லை. வெயிலில் தெரிய அவற்றுக்குச் சதுர மீட்டருக்குப் பல ஆயிரம் கேண்டலா (பலகையின் பிரகாசத்தைச் சொல்லும் அளவு) வேண்டும். இரவில் சில நூறே தாராளம். ஒளி சென்சார் பழுதானால் பல பலகைகள் பகல் வெளிச்சத்திலேயே இரவு முழுக்க எரிகின்றன. சென்சார் செத்தால் பலகை தானாக இரவு அளவுக்கு இறங்க வேண்டும் என்பது அனுமதி நிபந்தனையில் இருக்கட்டும். அசைவு சென்சார்களிலும் ஒரு கோளாறு உண்டு: மரக்கிளையைப் பார்த்து வைத்தால் காற்றடிக்கும்போதெல்லாம் விளக்கு எரியும்.

கடைசியாக, 'ஏற்கெனவே உள்ள விளக்குகளுக்குப் பொருந்தாது' என்ற விலக்கு. இதைச் சேர்த்துவிட்டால் தெருவில் எதுவும் மாறாது. பெரும்பாலான பழைய விளக்குகளுக்கு ஒரு ஸ்பேனர் போதும்: தாங்கியின் நட்டைத் தளர்த்தி, தலையைக் கீழே இறக்கி, மறுபடி முறுக்க வேண்டும். இதற்கு மூன்று மாதம் தாராளம். தகட்டு மறைப்பு போட வேண்டியவற்றுக்கு ஓராண்டு, விளக்கையே மாற்ற வேண்டியவற்றுக்கு மூன்றாண்டு கொடுக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்