சாலை வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி அளிக்கக் கோரும் மனு

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மயிலாடுதுறை மாவட்டம்.

அனுப்புநர்
ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர் ஒருவரும், உடன் கையெழுத்திட்டுள்ள பெற்றோர்களும் இளைஞர்களும்,
சீர்காழி வட்டம்.

பொருள்: நெடுஞ்சாலை கட்டுமான வேலைகளுக்கு எங்கள் பகுதி இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, முறையான பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மண்வெட்டி, பிக்காசு, தார்ச்சட்டி, இவைதான் நான் பழகிய சாமான்கள். குழி அடைப்பது, ஓரத்துக் கருவேல முள்ளை வெட்டுவது, மழைக்கு முன்னால் சிறுபாலத்து அடைப்பை எடுப்பது என்றே என் காலம் போனது. விழுப்புரத்தில் தொடங்கி புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் வரை சுமார் 180 கி.மீ. நீளத்துக்கு நான்குவழிச் சாலை வந்தபோது எங்கள் வயலோரம் வந்து நின்ற இயந்திரங்களில் பாதியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

என் பேரன் பிளஸ் டூ முடித்த கையோடு அந்த வேலைக்குப் போனான். எட்டு மாதம் இருந்தான். மாற்றுப்பாதை முனையில் நின்று சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் காட்டுகிற வேலை. அவனோடு போன ஊர்ப் பையன்கள் ஆறு பேருக்கும் அதே கதைதான். கொடி, இல்லையென்றால் இரவுக் காவல், இல்லையென்றால் தண்ணீர் லாரியில் ஹோஸ் பிடிப்பது. ரோலர் ஓட்டியவர் ஜார்கண்டுக்காரர், நல்ல மனிதர். சாப்பாட்டு நேரத்தில் இவனைக் கேபினில் ஏற்றி உட்காரவைத்து எந்தக் கம்பி எதற்கு என்று இந்தியும் கைச்சாடையுமாகக் காட்டிக்கொடுத்திருக்கிறார். இரண்டாம் நாளே சூப்பர்வைசர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அதோடு அந்தப் படிப்பு முடிந்தது.

அந்த ரோலர்காரர் எப்படிக் கற்றார் என்று பேரன் கேட்டிருக்கிறான். சித்தப்பா ஏற்கெனவே ஓட்டுநராம். அவருக்கு ஹெல்பராக வந்து மூன்று வருடம் கிரீஸ் அடித்து, டீசல் ஊற்றி, பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட்டாராம். ஐயா, இந்தத் தொழிலுக்கு ஆள் சேர்வதே இப்படித்தான். எங்கள் பிள்ளைகளுக்குக் கேபினில் சித்தப்பா இல்லை. அந்தச் சித்தப்பாவின் இடத்தில் அரசு நிற்க வேண்டும் என்பதுதான் இந்த மனுவின் சாரம். வடமாநிலத்துத் தொழிலாளர்கள் வரக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் பிழைக்கத்தான் வருகிறார்கள்.

இது வெறும் உடல் உழைப்பு என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தார்க்கலவை பிளாண்டில் 150 டிகிரிக்கு மேல் சூட்டோடு டிப்பரில் ஏறுகிறது. ரோலர் ஓடி முடிவதற்குள் அது 90 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது, அடுத்த ஐப்பசி மழையில் பெயர்ந்துவிடும். வண்டியில் தார்ப்பாய் மூடியிருக்கிறதா, கலவையைப் பரப்புகிற பேவர் இயந்திரம் ஒரே வேகத்தில் போகிறதா, ரோலர் எவ்வளவு பின்னால் வருகிறது என்று எல்லாவற்றையும் கவனிக்க ஆள் வேண்டும். கையிலே வெப்பமானி வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பையன் மேல்தான் அந்த அடுக்கின் ஆயுளே இருக்கிறது. நாங்கள் அந்தக் காலத்தில் புகையைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வோம். அந்த லட்சணத்தில்தான் குழி அடைக்கிற எங்கள் பேட்ச் வேலையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது கேட்க வந்ததைச் சொல்கிறேன்.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த எண்ணிக்கையில் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பழகுநர்களை, அதாவது வேலையிடத்திலேயே தொழில் கற்பவர்களை, எடுக்க வேண்டும். எங்கள் பகுதியில் சாலை, பாலம் போடும் நிறுவனங்கள் எத்தனை பழகுநர்களை எடுத்திருக்கின்றன, எந்தப் பிரிவில் எடுத்திருக்கின்றன என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் வழியாகக் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். கொடி பிடிப்பவரைப் பழகுநர் கணக்கில் காட்டாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

அடுத்தது பயிற்சி. சீர்காழிக்குப் பக்கத்திலேயே புத்தூரில் பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கோ, அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் உதவியோடு முதலில் 30 பேருக்கு ஆறு மாத வகுப்பு தொடங்கலாம். இரண்டு மாதம் வகுப்பறை, மீதி நான்கு மாதம் நடக்கிற வேலையிடத்திலேயே. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்ததெல்லாம் கணினி வகுப்புகள்தான். அதில் இதற்கும் ஒரு இடம் கிடைக்கத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். கட்டுமானச் செலவில் தொழிலாளர் நல நிதிக்கென்று 1 சதவீதம் பிடிக்கிறார்களே, அதிலிருந்து ஒரு பங்கைப் பயிற்சிக்காலச் சாப்பாட்டுக்கும் பாதுகாப்புக் காலணிக்கும் ஒதுக்க வழி உண்டா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டுகிறோம். காலணியை ஏன் சொல்கிறேன் என்றால், கொதிக்கிற கலவை மேல் ரப்பர் செருப்போடு நடந்த தழும்பு இன்னும் என் குதிகாலில் இருக்கிறது.

வயதுச் சிக்கலும் ஒன்று உண்டு. டிப்பர் ஓட்ட 20 வயது ஆக வேண்டும். அதற்கு முன் இலகுரக வாகன உரிமம் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். 18 வயதில் பள்ளியை விட்டு வருகிறவன் நடுவில் இரண்டு வருடம் என்ன செய்வான்? திருப்பூருக்குப் போய்விடுவான், திரும்பி வர மாட்டான். அதனால் முதலில் சர்வே, லேப் வேலைகளில் சேர்த்துவிட்டு, வயது வந்ததும் வண்டிக்கு மாற்றும்படி பாடத்தை அமைக்க வேண்டும். டோட்டல் ஸ்டேஷன் என்கிற சர்வே கருவியைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.

லேப் வேலைக்குப் பெண் பிள்ளைகளையும் எடுக்க வேண்டும். கான்கிரீட் கட்டியை 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்பது, ஜல்லியைச் சலித்து எடை போடுவது, மண் 97 சதவீதம் இறுகியிருக்கிறதா என்று குழி தோண்டி மணல் ஊற்றிக் கணக்குப் பார்ப்பது, இதெல்லாம் பொறுமையும் கணக்கும் வேண்டிய வேலை. பத்தாம் வகுப்புக் கணக்கில் எங்கள் தெருவில் முதலில் வந்தவர்கள் எல்லாரும் பெண்கள்தான்.

ஆள் சேர்க்கிற விதத்தையும் மாற்ற வேண்டும். வேலைவாய்ப்பு முகாமுக்கு இரண்டு முறை பேரனோடு போனேன். துணிக்கடை இருந்தது, நிதி நிறுவனம் இருந்தது, சாலை போடுகிற ஒரு நிறுவனத்துக்குக்கூட மேசை இல்லை. அவர்கள் ஆள் எடுப்பது மேஸ்திரி மூலம். அடுத்த முகாமில் இயந்திரத்தையே மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள், கூட்டம் தானாக வரும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. உள்ளூர்ப் பையன்கள் நிலைத்து நிற்க மாட்டார்கள், திருவிழா என்றால் நாலு நாள் காணாமல் போவார்கள் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தார் ஊற்றுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்கிற பெற்றோரும் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளமும், கையில் ஒரு சான்றிதழும் வந்தால் அந்தப் பேச்சு குறையும் என்பது என் அனுபவம்.

பயிற்சிக்கு வரத் தயாராக இருக்கும் 43 பேரின் பெயர், வயது, படிப்பு அடங்கிய பட்டியலை இணைத்துள்ளோம். அதில் 11 பேர் பெண்கள். சம்பா நடவு முடிந்ததும் வகுப்பு தொடங்கினால் எல்லாராலும் வர முடியும். நெடுஞ்சாலை, தொழிலாளர், வேலைவாய்ப்புத் துறை அலுவலர்களையும் ஒப்பந்ததாரர்களையும் ஒரே நாளில் அழைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறும், அதில் எங்களில் இரண்டு பேர் பேச அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சீர்காழி வட்ட மனுதாரர்கள்

இணைப்பு: பயிற்சி பெற விரும்புவோர் பட்டியல்