‘டெத் நோட்’: கெடுத்தது ஊர் மாற்றம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டத் தொடர்களை நடிகர்களைக் கொண்டு படமாக்குவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், 2017இல் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான ஆடம் விங்கார்டின் ‘டெத் நோட்’ தவறாமல் அடிபடுகிறது. ஜப்பானியக் கதையைச் சியாட்டில் நகருக்குக் கொண்டுபோனதே அதைக் கெடுத்துவிட்டது என்பது பலருடைய தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கெட்டது, லைட் என்ற இளைஞனின் குணத்தை மாற்றியதால்.

2006இல் தொடங்கி 37 பகுதிகளாக ஒளிபரப்பான அனிமேயில், லைட் யாகமிக்கு யார்மீதும் சொந்தப் பகை கிடையாது. சலிப்புற்றிருக்கும் முதல் மாணவன் அவன். பெயர் எழுதினால் ஆள் சாவான் என்ற குறிப்பேடு கிடைத்ததும், தொலைக்காட்சியில் காட்டப்படும் குற்றவாளி ஒருவனின் பெயரை எழுதிவிட்டு, 40 விநாடிகள் காத்திருந்து பார்க்கிறான். மாரடைப்பு, அவ்வளவுதான். படத்திலோ முதல் பலி, ஏணி மோதித் தலை துண்டாகும் பள்ளி முரடன். அடுத்தது, தாயைக் கொன்றவன். பழிவாங்கும் காரணத்தைக் கொடுத்து லைட் டர்னரை (படத்தில் அவன் பெயர் இது) நம் இரக்கத்துக்கு உரியவனாக்கிய திரைக்கதை, அவனுக்குரிய கொடூரத்தைக் காதலி மியாவின் தலையில் கட்டிவிடுகிறது.

அனிமேயின் எட்டாம் பகுதியில் வரும் உருளைக்கிழங்கு சிப்ஸ் காட்சியை ரசிகர்கள் கேலியும் செய்வார்கள், கொண்டாடவும் செய்வார்கள். அறை முழுக்கக் கண்காணிப்புக் கேமராக்கள் இருக்க, சிப்ஸ் பொட்டலத்துக்குள் சின்னஞ்சிறு தொலைக்காட்சியை மறைத்து, வலது கையால் கணக்குப் போட்டபடியே இடது கையால் பெயர்களை எழுதுகிறான் லைட். படத்தின் நாயகனோ குறிப்பேட்டைப் பள்ளிக்கூடத்திலேயே மியாவிடம் காட்டிவிடுகிறான். ராட்டினத்தில் நடக்கும் உச்சக்கட்டத்துக்குப் பின், எல்லாமே அவன் போட்ட திட்டம் என்று அவசரமாக விளக்குகிறார்கள். அதுவரை அந்த மூளையை ஒளித்துவைத்தது ஏனென்று விளங்கவில்லை.

குறிப்பேட்டுக்குச் சொந்தக்காரனான மரண தேவன் ரியூக்குக்குப் படத்தில் குரல் கொடுத்த நடிகர் வில்லெம் டஃபோவைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், அனிமேயின் ரியூக் ஆப்பிளைக் கடித்தபடி வேடிக்கை பார்ப்பவன். அடுத்து யாரைக் கொல்வது என்று லைட்டுக்கு அவன் சொல்ல வேண்டியிருந்ததே இல்லை. இந்தப் படத்திலோ முதல் பெயரை எழுதவைக்கவே பாவம், ரியூக்கே பக்கத்தில் நின்று தூண்டிவிட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.