பனியில் பிலிம் கேமரா

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்து குளிர்காலத்தில் லடாக், ஸ்பிதி போகிறவர்கள் சிலர் பழைய பிலிம் கேமராவையும் கொண்டுபோகிறார்கள். நம் வெயிலில் ஒழுங்காக ஓடும் கேமரா மைனஸ் 20 டிகிரியில் அப்படி ஓடாது. உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் இறுகி ஷட்டர் மந்தமாகும். கிளம்பும் முன் சர்வீஸ் அவசியம்.

நிக்கான் எஃப்எம்2 போன்ற மெக்கானிக்கல் கேமராவில் பேட்டரி படுத்தாலும் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர்தான் நிற்கும், ஷட்டர் அடிக்கும். அதில் இரண்டு எல்ஆர்44 பட்டன் பேட்டரிக்குப் பதிலாக 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று போடலாம், குளிரைத் தாங்கும்.

பிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாகத் தள்ளுங்கள். வறண்ட குளிரில் பிலிம் விறைத்து ஒடியும். வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் பொறிந்து நெகட்டிவில் மரக்கிளைபோலக் கோடு விழும். ரீவைண்ட் செய்யும்போது இன்னும் நிதானம் வேண்டும்.

கேமராவைக் கெடுப்பது பெரும்பாலும் குளிரல்ல, சூடான அறை. உள்ளே நுழைந்ததும் லென்ஸிலும் உட்பாகங்களிலும் நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, உள்ளே கொண்டுவந்து இரண்டு மூன்று மணி நேரம் திறக்காமல் வையுங்கள். ஜாக்கெட்டுக்குள் பொத்திவைப்பதும் தவறு, வியர்வை ஈரம் ஏறி வெளியே வந்ததும் உறையும். உள்பாக்கெட்டில் இருக்க வேண்டியது மாற்றுப் பேட்டரி மட்டுமே.

இப்படிக்கு,
பிலிம் கேமரா பழுதுபார்ப்போர்,
கிருஷ்ணகிரி.