பொன்னாடையும் பதக்கமும்: நார்வே நோபல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்லோவில் இருக்கும் நோபல் அமைதிப் பரிசுக் குழுவின் ஐந்து உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு கலெக்டரோ சேர்மனோ பொறுப்பேற்றால், அன்று காலையிலேயே அலுவலக வாசலில் வரிசை நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் பளபளவென்று ஒரு பொன்னாடை, கூடவே ஒரு எலுமிச்சம்பழம். உள்ளே போய்ப் போர்த்தி, போட்டோ எடுத்துக்கொண்டு, "நல்லது செய்வீங்கன்னு நம்புறோம் சார்" என்று சொல்லிவிட்டு வருவார்கள். மாலைக்குள் மேசை ஓரத்தில் சால்வை குவிந்துவிடும். அதை யாரும் விருது என்று சொல்வதில்லை. நாளைக்கு மனுவோடு வரும்போது நம் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கட்டும், அவ்வளவுதான்.

2009 அக்டோபர் 9 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவுக்கு உங்கள் குழு அறிவித்த அமைதிப் பரிசும் எனக்கு அந்தச் சால்வையாகத்தான் தெரிகிறது. அன்றைய ஐவரில் ஒருவர்கூட இப்போது குழுவில் இல்லை, பழங்கதையை ஏன் கிளற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அக்டோபர் வந்தாலே, பதவியில் இருக்கும் யாராவது ஒரு ஆட்சியாளரின் பெயர் அடிபடத்தான் செய்கிறது. அதனால் எழுதுகிறேன்.

தேதிகளைப் பாருங்கள். ஒபாமா பதவியேற்றது அதே ஆண்டு ஜனவரி 20. அப்போது பரிந்துரைகளுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 1. இடையில் 12 நாள். சரி, குழு முடிவெடுத்தது அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான். பிராகாவில் அணு ஆயுதமில்லா உலகம் பற்றியும், கெய்ரோவில் முஸ்லிம் நாடுகளோடு புதிய தொடக்கம் பற்றியும் அவர் பேசியிருந்தார். இரண்டும் நல்ல பேச்சுகள்தான். ஆனால் ஆல்ஃபிரட் நோபல் 1895-ல் எழுதிய உயில் கேட்பது, கடந்த ஆண்டில் மனித குலத்துக்குப் பெரும் நன்மை செய்தவர்களை. செய்யப்போகிறவர்களை அல்ல.

விருது வாங்கியவருக்கே இது புரிந்திருந்தது. அன்று காலை வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று அவர் சொன்னது நினைவிருக்கிறதா? செய்தி வந்ததும் மூத்த மகள் மாலியா ஓடி வந்து, அப்பா, உங்களுக்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது, இன்றைக்கு போவின் பிறந்தநாளும்கூட என்றாளாம். போ என்பது அவர்கள் வீட்டு நாய். இளையவள் சாஷா, மூன்று நாள் லீவு வேறு வருகிறது என்று சேர்த்துக்கொண்டாள். (அந்த வீட்டில் அன்று விஷயத்தைச் சரியான அளவில் எடுத்துக்கொண்டவர்கள் அந்தக் குழந்தைகள்தான்.) இந்த வரிசையில் நிற்கத் தனக்குத் தகுதி இருப்பதாக நினைக்கவில்லை என்று அவரே சொன்னார்.

அப்புறம் டிசம்பர். 1-ஆம் தேதி வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில், ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். 10-ஆம் தேதி ஆஸ்லோவில் பதக்கம். அந்த ஏற்புரையில் பெரும் பகுதி, போர் சில சமயம் தேவைதான் என்று விளக்குவதற்கே போனது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஒரு படைத் தலைவரை அந்த மேடையில் ஏற்றிவிட்டால் வேறு எதைத்தான் பேசுவார்? பரிசுப் பணத்தை முழுவதுமாக அறக்கட்டளைகளுக்குக் கொடுத்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

பின்னால் வந்த கணக்கும் கலவையானதுதான். 2010-ல் ரஷ்யாவோடு கையெழுத்தான ஒப்பந்தம், ஏவுவதற்குத் தயாராக வைத்திருக்கும் அணுகுண்டுகளை ஆளுக்கு 1,550 என்று கட்டுப்படுத்தியது. 2015-ல் ஈரானோடு அணுசக்தி உடன்பாடு வந்தது. இன்னொரு பக்கம், ஓராண்டில் மூடுவதாக உத்தரவு போட்ட குவாண்டானமோ சிறையில், அவர் பதவியை விட்டு இறங்கும்போதும் 41 பேர் இருந்தார்கள். போர் நடக்காத பகுதிகளில் 2009 முதல் 2015 வரை 473 தாக்குதல்கள் என்று அவருடைய அரசே கணக்குக் கொடுத்தது, பெரும்பாலும் ட்ரோன்கள். பதவி முடிந்தபின் இந்த இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து நீங்கள் முடிவெடுத்திருந்தால், எந்த முடிவாக இருந்தாலும் அதற்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

ஒபாமாவுக்குக் கொடுத்ததை நியாயப்படுத்த, உங்கள் குழுவின் அன்றைய தலைவர் தோர்ப்யோர்ன் யாக்லாண்ட், 1971-ல் மேற்கு ஜெர்மனியின் வில்லி பிராண்ட்டுக்கும் 1990-ல் சோவியத் தலைவர் கொர்பச்சேவுக்கும் கொடுத்ததை உதாரணம் காட்டினார். எனக்கு அது பொருந்தவில்லை. பிராண்ட் பரிசு வாங்கும்போது சோவியத் யூனியனோடும் போலந்தோடும் மாஸ்கோ, வார்சா ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. கொர்பச்சேவ் ஆப்கானிஸ்தானிலிருந்து படையைத் திரும்ப அழைத்திருந்தார், பெர்லின் சுவரும் விழுந்திருந்தது.

நம்பிக்கைக்குப் பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மன் பத்திரிகையாளர் கார்ல் ஃபான் ஒசியட்ஸ்கிக்கு நீங்கள் கொடுத்தபோது அவர் நாஜிகளின் பிடியில் இருந்தார். 1983-ல் போலந்துத் தொழிற்சங்கத் தலைவர் லெக் வலேசா, ஆஸ்லோவுக்குப் போனால் போலந்து அரசு திரும்ப உள்ளே விடாதோ என்று பயந்து மனைவியை அனுப்பி வாங்கிக்கொண்டார். அவர்களுக்கு அந்தப் பதக்கம் ஒரு கவசம். உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சிறைக் காவலருக்குச் சொல்லும் சீட்டு. கையில் படையும் கஜானாவும் இருப்பவருக்கு எதற்குக் கவசம்? அவர் கழுத்தில் அது வெறும் நகை. போட்டுக்கொண்டே எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடலாம். எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமது 2019-ல் வாங்கினார். அடுத்த ஆண்டு நவம்பரிலேயே அவர் நாட்டின் வட பகுதியான திக்ராயில் போர். அவர் எந்த எரித்திரியாவோடு சமாதானம் செய்ததற்காகக் கொடுத்தீர்களோ, அதே எரித்திரியப் படை அவர் பக்கம் நின்று சண்டை போட்டது. கொடுத்ததைத் திரும்ப வாங்க உங்கள் விதியில் இடமில்லை.

கொலம்பிய அதிபராக இருந்த சாண்டோஸ் விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் தடுமாறும், ஒத்துக்கொள்கிறேன். 2016-ல் மக்கள் வாக்கெடுப்பில், கிளர்ச்சியாளர்களோடு அவர் செய்த அமைதி ஒப்பந்தம் தோற்ற ஐந்தாம் நாள் நீங்கள் பரிசை அறிவித்தீர்கள். அது அவருக்குக் கை கொடுத்தது. ஆனால் அங்கே நான்கு வருடப் பேச்சுவார்த்தை மேசை மேல் இருந்தது. ஒபாமாவுக்குக் கொடுத்தது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று உங்கள் முன்னாள் செயலாளர் கெய்ர் லுண்டஸ்டாடே 2015-ல் எழுதிவிட்டார்.

எங்களுக்கு இதில் ஒரு பழைய வருத்தமும் உண்டு. 1948-ல் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டது, அந்த ஆண்டுப் பரிந்துரைகள் முடிய இரண்டே நாள் இருக்கும்போது. உயிரோடு இருப்பவர்களில் தகுந்தவர் யாரும் இல்லை என்று சொல்லி அந்த வருடம் யாருக்கும் கொடுக்காமல் விட்டீர்கள். அதற்கு முன்பு 1937-லிருந்து நான்கு தடவை அவர் பெயர் உங்கள் மேசைக்கு வந்து போயிருந்தது. அவருக்கு அத்தனை வருடம் யோசித்த குழு, இவருக்கு எட்டே மாதத்தில் முடிவெடுத்தது.

பரிந்துரைக் கெடு முடிந்ததும் நீங்கள் கூடும் முதல் கூட்டத்தில், நாட்டை ஆளும் ஒருவர் பெயர் பட்டியலில் வந்தால், அதன் பக்கத்தில் அவர் பதவிக்காலம் முடியும் வருடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். அந்த வருடம் வரட்டும், எடுத்துப் பார்க்கலாம். அதுவரைக்கும் பொறுக்கவில்லை என்றால் ஒரு வாழ்த்துக் கடிதம் அனுப்புங்கள். வேண்டுமானால் ஒரு சால்வையும்.

இப்படிக்கு,
ஒவ்வொரு அக்டோபரிலும் உங்கள் அறிவிப்புக்காகக் காத்திருக்கும் ஒரு வாசகன்