மலாவியில இருக்கிற மகளுக்கு

அன்பு மகள்,

நீ ராத்திரி அனுப்பின வொய்ஸ் மெசேஜை காலமையில இருந்து திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறன். புருஷன் வந்து ஓம் எண்டு சொல்லட்டும் எண்டு அந்தப் பிள்ளையைப் பிள்ளைப்பேறு வலியோட வீட்டில வச்சிருந்திட்டு எல்லாம் முடியிற நேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கினம், அதுக்கு மேல நீ என்னம்மா செய்ய ஏலும். "நான் இங்க இருந்து என்ன பிரயோசனம்" எண்டு கேட்டாய் பார், அதுதான் எனக்குத் தாங்கேலாமப் போச்சு. போனில எண்டா அழுதிடுவன், அதான் எழுதுறன்.

பெரிய வருத்தம் எண்டா வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ எண்டு எங்கட சனம் சொல்லுமெல்லே, அந்த ஆஸ்பத்திரியத் தொடங்கின ஐடா ஸ்கடரின்ர அப்பப்பா எங்கட யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில இருந்து வைத்தியம் பார்த்தவர். ஐடா முதல்ல டொக்டராக வர விரும்பவே இல்லை. திண்டிவனத்தில தாய் தேப்பனோட நிக்கேக்க ஒரே ராத்திரியில மூண்டு ஆம்பிளையள் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா வந்து மனுசிக்குப் பிள்ளைப்பேறு கஷ்டமாக் கிடக்கு, நீங்க வாங்கோ எண்டு கேட்டிருக்கினம். என்ர அப்பாதான் டொக்டர், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டதுக்கு, ஆம்பிளை பார்க்கக்கூடாது எண்டு மூண்டு பேரும் திரும்பிப் போயிட்டினம். விடியக்குள்ள மூண்டு பொம்பிளையளும் செத்திட்டினம். நீ கண்டதும் அதேதானே மகள், நூறு வருஷத்துக்கு மேல ஆகியும்.

அவா அமெரிக்காவில படிச்சு 1899ல கோர்னெல்ல பாஸ் பண்ணிப்போட்டு வேலூருக்கு வந்தவா. தன்ர ரெண்டு கையை மட்டும் நம்பி இருக்கேல்லை, அதைத்தான் நான் உனக்குச் சொல்ல வாறன். 1909ல நர்ஸ்மாருக்கு ஸ்கூல், 1918ல பொம்பிளையளுக்கு மெடிக்கல் ஸ்கூல், அந்த ஊர்ப் பிள்ளையளையே டொக்டராக்கி விட்டவா.

எங்கட மேரி இரட்னத்தையும் பார். கனடாக்காரி, அங்க படிச்சு 1896ல இலங்கைக்கு மிஷன் டொக்டரா வந்தவா, தமிழ் ஆளைக் கட்டப் போறா எண்டவுடன மிஷன் அவாவை வேண்டாம் எண்டிட்டுது. நினைக்க எனக்கு இப்பவும் கோவம் வருது. ஆனா அவா கப்பலேறித் திரும்பிப் போகேல்லை, கொழும்புக்கு வந்து வைத்தியம் பார்த்தவா, 1930ல லங்கா மகிளா சமிதியைத் தொடங்கி கிராமத்துப் பொம்பிளையளுக்கு சுகாதாரம், சாப்பாடு, பிள்ளை வளர்ப்பு எல்லாம் சொல்லிக்குடுக்க வச்சவா. 1937ல கொழும்பு மாநகரசபைக்குக்கூட எலெக்ஷன் கேட்டு வெண்டவா, முதல் பொம்பிளை. 1958ல மகசேசே விருதும் கிடைச்சது.

நீயும் உன்ர வார்டில நிக்கிற அந்த நர்ஸ் பிள்ளையளுக்கு உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிக்குடு. ஊருக்குள்ள பிள்ளைப்பேறு பாக்கிற கிழவியளைத் தேடிப் போய்க் கதை, அவையளோட சண்டை பிடிக்காத, எந்த நேரத்தில ஆஸ்பத்திரிக்கு அனுப்போணும் எண்டதை அவையள் சொன்னா மாமிமாரும் புருஷன்மாரும் கேப்பினம். நீ கொன்ட்ராக்ட் முடிஞ்சு வந்தாலும் அவையள் அங்கதானே இருப்பினம்.

பெரிய மாமி லண்டன் எக்ஸாமைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா, அதை நான் பாத்துக்கொள்ளுறன். மிளகாய்த்தூள் வறுத்து இடிப்பிச்சு வச்சிருக்கிறன், பைக்கு மேல பை போட்டு டேப் சுத்தியாச்சு, அங்கால வாற ஆள் ஆரும் இருந்தா சொல்லு. ஞாயிறு கட்டாயம் கோல் எடு, அப்பாவும் கதைக்கோணுமாம்.

அம்மா
வெள்ளவத்தை